கப்பலேறும் மோட்டார் சைக்கிள்

தரைவழியாக உலகைச் சுற்றிவரப் புறப்படும் ஒருவன் எத்துணைத் துணிவுடையவனாயினும், எத்துணைச் சிறந்த வண்டி அவனிடம் இருந்தாலும், ஒரு நாள் அவனுடைய பாதை கடற்கரையில் முடிந்துவிடுகிறது. மலையாயின் ஏறிக் கடக்கலாம். பாலைநிலமாயின் குளிர்ந்த வேளை பார்த்து ஓட்டிக் கடக்கலாம். ஆறாயின் எங்கேனும் ஓர் ஓடக்காரன் இருப்பான். கடலுக்கு இவ்வுபாயங்கள் எவையும் பயன்படா. அங்கே அவன் வண்டியை விட்டு இறங்கவேண்டும். அதுவரை அவனைச் சுமந்துவந்த வண்டியை இனி அவன் கூலி கொடுத்துப் பிறர் கையிற் சுமையாக ஒப்படைக்கவேண்டும். நெடும் பிரயாணிகள் எழுதிய நூல்களைப் படிப்போர் பாலைவனத்தையும் பனிமலையையும் பற்றிய பக்கங்களை ஆவலோடு படித்துவிட்டு, துறைமுகத்தைப் பற்றிய பக்கங்களை விரைந்து புரட்டிவிடுவது வழக்கம். ஆனால் பிரயாணம் தொடருமா, அவ்விடத்திலேயே முடிந்துவிடுமா என்பது பல வேளைகளில் அந்தத் துறைமுகத்துப் பண்டகசாலையிலேதான் முடிவாகிறது.

1913ஆம் ஆண்டில் கொழும்புத் துறையில் வந்திறங்கிய அயல்நாட்டாருள் கார்ள் ஸ்டேர்ன்ஸ் கிளான்சி என்ற அமெரிக்க இளைஞரும் ஒருவர். இருபது வயதை அண்மையிற் கடந்தவர்; நியூயோர்க்கில் விளம்பரத் தொழில் செய்தவர். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றியவர்களுள் முதல்வர் என்று இன்று மதிக்கப்படுபவர் அவரே. அவர் கொண்டுவந்த வண்டி 'ஹென்டர்சன்' என்ற பெயருடையது. டெட்ரோயிட் நகரில் அவ்வண்டியைச் செய்யத் தொடங்கி அப்பொழுது ஓராண்டுதான் ஆகியிருந்தது. நான்கு உருளைகள் நெடுக்காக வரிசையில் அமைந்த இயந்திரம். வலு ஏழு குதிரைவலு. வேகத்தை மாற்றும் பல்லிணைப்பு கிடையாது. முன்சில்லுக்குத் தடை கிடையாது. மோட்டார்க் காரைப் போலக் கைப்பிடி ஒன்றைச் சுழற்றியே அதனை இயக்கவேண்டும். இரண்டு சில்லுகளுக்கும் இடையே ஐந்தடிக்கு மேல் நீளமுடைய அந்த வண்டியைப் பார்த்தவர்கள் வியந்திருப்பர். அதற்குப் பெட்டி செய்யவேண்டிய தச்சர்கள் வியப்பை விடக் கவலையே கொண்டிருப்பர்.

கிளான்சி தனியே புறப்பட்டவரல்லர். வால்டர் ஸ்டோரி என்ற நண்பரும் அவரும் 1912ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஆளுக்கு ஒரு ஹென்டர்சன் வண்டியோடு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அயர்லாந்தை அடைந்தனர். டப்ளின் நகரிற் புறப்பட்ட அன்றே ஸ்டோரியின் வண்டி ஒரு டிராம் வண்டியில் மோதியது. எனினும் இருவரும் அயர்லாந்தையும் பிரித்தானியாவையும் சுற்றிப் பாரிஸ் நகரம் வரை சென்றனர். அங்கே ஸ்டோரி ஊர் திரும்பினார். கிளான்சி விடவில்லை. ஸ்பெயின் தேசத்தின் ஊடாகச் சென்று, பார்சலோனாவிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து, அல்ஜீரியாவிலும் தூனிசியாவிலும் ஓட்டி, பின்னர் சுயெஸ் கால்வாய் வழியே இலங்கைக்கு வந்தார். இந்திய மண்ணில் அவருடைய சில்லுகள் உருளவில்லை. இலங்கையில் ஓட்டிய பின்னர் கீழைத் தேசங்களுக்குக் கப்பலேறிச் சீனாவையும் யப்பானையும் கண்டு, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூயோர்க்கை அடைந்தார். அவர் கடந்த தூரம் 18,000 மைல் என்று கூறப்படுகிறது.

இந்தப் பிரயாணத்தை ஒருமுறை கடலின் பக்கமாக நின்று பார்த்தல் வேண்டும். அத்திலாந்திக், அயர்லாந்துக் கடல், பிரித்தானியாவுக்கும் ஐரோப்பாக் கண்டத்துக்கும் இடைப்பட்ட கடல், மத்தியதரைக் கடல், செங்கடல், இந்து சமுத்திரம், சீனக் கடல், பசிபிக் என்று எத்தனையோ தடவை அந்த நீண்ட வண்டி கப்பலில் ஏற்றப்பட்டு இறக்கப்பட்டது. கொழும்பில் அக்காலத்தில் பெருங்கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்பதில்லை. அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே அவை நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளெல்லாம் தட்டைப் படகுகளில் இறக்கப்பட்டே கரைக்கு வரும். இந்த ஏற்பாடு 1950கள் வரை நீடித்தது. பாரந்தூக்கியின் கொக்கியில் தொங்கிக் கப்பலின் பக்கமாக இறங்கி, ஆடும் படகொன்றில் வந்து அமரும் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையாளனின் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை ஊகிக்கலாம். வழியில் வண்டி பழுதடைந்தால் அவன் கையிலுள்ள கருவிகளைக் கொண்டு ஏதேனும் செய்யலாம். கொக்கி நழுவினால் அவனாற் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஆயினும் துறைமுகத்தில் வண்டியை மறிப்பது கொக்கியைவிடக் காகிதமே. வண்டியொன்று ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் அது அந்நாட்டில் விற்கப்படலாம் என்று சுங்கப் பகுதியினர் ஐயுறுவது இயல்பு. ஆகவே இறக்குமதித் தீர்வைக்குச் சமமான பணத்தை வைப்பாகக் கேட்பர். வண்டி வெளியேறும்போது அப்பணத்தைத் திருப்பிக் கொடுப்பர். இதிலே நியாயம் உண்டு. ஆனால் சங்கடமும் உண்டு. ஒரு நாட்டில் கட்டிய பணம் கைக்கு வருமுன் அடுத்த நாட்டின் பணம் கட்டவேண்டிவரும். நுழைந்த துறை ஒன்றாகவும் வெளியேறும் துறை வேறொன்றாகவும் இருந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு எழுதும் கடிதங்கள் பிரயாணியைத் துரத்திக்கொண்டே உலகைச் சுற்றும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க மோட்டார்ச் சங்கங்கள் கண்ட உபாயமே 'கார்னே' என்னும் சுங்கப் புத்தகம். கிளான்சி நாடு திரும்பிய 1913ஆம் ஆண்டளவிலேதான் அது வழக்கிற்கு வந்தது. அப்புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று கூறுகளாக வகுக்கப்பட்டிருக்கும். வண்டி நுழையும்போது ஒரு கூறைச் சுங்க அதிகாரி கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது இன்னொரு கூறு கிழிக்கப்படும். இரண்டு முத்திரைகளும் பதிந்த மூன்றாவது கூறு புத்தகத்திலேயே தங்கும். வண்டி வெளியேறாவிட்டால் தீர்வையைத் தாம் கொடுப்பதாக மோட்டார்ச் சங்கம் பிணை நிற்கும். சங்கமோ, பிரயாணியிடம் முன்னதாகவே பணத்தையோ வங்கியின் உறுதிச் சீட்டையோ வாங்கி வைத்துக்கொள்ளும். இந்தியா, ஈரான், எகிப்து, இலங்கை முதலிய நாடுகளுக்கு வண்டியோடு வருவோரிடம் இன்றும் இப்புத்தகம் கேட்கப்படுகிறது. சில நாடுகளில் தீர்வை வண்டியின் விலையினும் மிகுதியாதலால், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குப் பிணையாக அதன் விலையைப்போல் இரண்டு மடங்கு பணம் முடங்கிக் கிடப்பதும் உண்டு.

வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டால் வரும் துன்பத்தை அனுபவித்தவர்களே அறிவர். வண்டி அடுத்த நாட்டிலே கண்முன் நிற்கும். ஆயினும் காகிதத்தின் கணக்கில் அது இன்னும் முந்திய நாட்டிலேயே இருக்கிறது. வண்டி விபத்தில் நொறுங்கினாலும் எரிந்து போனாலும், அஃது அழிந்ததென்று சுங்கத்தினர் சான்று கொடுக்கும் வரை பிணை தீராது. எரிந்த இரும்பைக் கூட எண்ணிக் கணக்கிடும் இந்த முறையைக் கடுமையானதென்று பழிக்கலாம். ஆனால் இந்தப் புத்தகம் இல்லாதிருந்தால், பணம் படைத்தோரன்றிப் பிறர் எவரும் எல்லைகளை வண்டியோடு கடந்திருக்க முடியாது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

காகிதம் ஒழுங்காயின் அடுத்த வேலை பெட்டி. கப்பற் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறியாதவர் பெட்டியின் அருமையை அறியார். பாரத்தையும் பருமனையும் ஒப்பிட்டு, எது கூடிய கூலியைத் தருமோ அதன்படி கூலி பெறுவது கப்பற் கம்பனிகளின் நெடுநாள் வழக்கம். முன்னாளில் 40 கன அடியை ஒரு தொன்னாகக் கொண்டனர். இந்நாளில் ஒரு கன மீற்றரை 1,000 கிலோவுக்குச் சமமாகக் கொள்கின்றனர். மோட்டார் சைக்கிளோ பாரத்திற் சிறியது, பருமனிற் பெரியது. 250 கிலோ நிறையுள்ள வண்டி, கைப்பிடியை விரித்துக்கொண்டு, முன்கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது காற்றுக்கும் சேர்த்தே கூலி கொடுக்கவேண்டியிருக்கிறது. நீளம் 2.2 மீற்றர், அகலம் 1 மீற்றர், உயரம் 1.3 மீற்றர் என்றொரு பெட்டி செய்தால் அதன் பருமன் ஏறக்குறைய 2.9 கன மீற்றர். முன்சில்லையும் அதன் மேற்காப்பையும் கழற்றி, கைப்பிடியைத் திருப்பிக் கட்டி, கண்ணாடியையும் பக்கப் பெட்டிகளையும் அகற்றி இடுக்குகளிற் செருகினால், 1.9 மீற்றர் நீளமும் 0.8 மீற்றர் அகலமும் 1.1 மீற்றர் உயரமுமான பெட்டி போதும். அதன் பருமன் 1.7 கன மீற்றருக்கும் குறைவு. கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு இவ்வாறு ஒரு திறப்பாணிக் கோலினாலேயே மிச்சப்படுத்தப்படுகிறது.

ஆகவே அநுபவமுள்ள பிரயாணி துறைமுகத்தை அடைந்ததும் முதலிலே தேடிச் செல்வது மோட்டார் சைக்கிள் விற்கும் கடைகளையே. புதிய வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்திறங்கிய பெட்டிகள் அங்கே கொல்லைப்புறத்திற் கிடக்கும். கடைக்காரருக்கு அவை குப்பை. பிரயாணிக்கு அவை அளவெடுத்துச் செய்த மாளிகை. அது கிடையாவிட்டால் தச்சனை நாடவேண்டும். அங்கும் ஒரு விதி குறுக்கே நிற்கிறது. மரத்தினுள் ஒளிந்திருக்கும் பூச்சிகள் ஒரு நாட்டுக் காட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் காட்டுக்குப் பரவாதிருக்க, பெட்டி செய்யும் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை சென்ரிகிறேட் வெப்பம் 30 நிமிடம் ஏறியிருக்கவேண்டும் என்றும், அதற்கு அடையாளமாக முத்திரை பதிந்திருக்கவேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டில் சர்வதேச விதி ஒன்று செய்யப்பட்டது. நல்ல தேக்கம் பலகையே ஆயினும் முத்திரை இல்லையேல் அது துறைமுகத்தில் மறிக்கப்படலாம்.

வண்டியைப் பெட்டியில் அமர்த்துவதும் ஒரு கலை. பெற்றோற் தாங்கியை வடித்துவிடவேண்டும். பற்றறியின் கம்பிகளைக் கழற்றி முனைகளை மூடிக் கட்டவேண்டும். தீப்பற்றும் அபாயத்துக்குக் கப்பற்காரர் அஞ்சுவது போல் வேறெதற்கும் அஞ்சார். பின்னர், வண்டியை நான்கு மூலைகளிலிருந்தும் நாடாக்களால் இழுத்துக் கட்டவேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கின்றனர். இறுகக் கட்டினால் அசையாது என்று எண்ணி, முன்பக்கத்து வில்லை முழுவதும் அமுக்கிக் கட்டிவிடுவர். ஆறு வாரம் அப்படியே கிடந்தால், எண்ணெய் கசியாது தடுக்கும் றப்பர் வளையம் கெட்டு, கரையிறங்கிய மறுநாளே எண்ணெய் ஒழுகத் தொடங்கும். பாதியளவு அமுக்கி, சட்டத்தின் கீழ் மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்துவதே சரியான முறை. உப்புக் காற்றுப் படாதிருக்க வெள்ளிப் பூச்சுள்ள பாகங்களுக்கு எண்ணெய்ப் பசை தடவவேண்டும். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகும் வண்டியாயின் இன்னொரு வேலையும் உண்டு. அந்நாட்டுப் பரிசோதகர்கள் சில்லின் கம்பிகளுக்கிடையே ஒட்டியிருக்கும் மண்ணையும் புல்விதையையும் தேடிப் பார்ப்பர். அயல்நாட்டு மண் கண்டால், கூலி வாங்கிக்கொண்டு மறுபடி கழுவச் சொல்வர். பல நாட்டுப் புழுதியைப் பெருமையோடு சுமந்துவந்த வண்டி, அங்கே பல் துலக்கும் தூரிகையால் துடைக்கப்பட்டே கரையேறுகிறது.

பெட்டியை ஒப்படைத்ததும் கப்பற் கம்பனி ஒரு சீட்டுக் கொடுக்கும். வணிகர் அதனைப் 'பில் ஒவ் லேடிங்' என்பர். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அது சான்று. அக்கரையில் சரக்கைக் கேட்பதற்கும் அதுவே உரிமை. அதனைத் தொலைத்தவன் வண்டியைத் தொலைத்தவனே. இனி அவனுக்கும் வண்டிக்கும் வெவ்வேறு வழிகள். முற்காலத்தில் மனிதனும் வண்டியும் ஒரே கப்பலிற் செல்வது வழக்கமாயிருந்தது. மேல்தட்டில் உலாவும்போது காலடியிலே எங்கோ தன் வண்டி இருக்கிறது என்ற ஆறுதல் பிரயாணிக்கு இருந்தது. பெருங்கடல்களைக் கடக்கும் பிரயாணிக் கப்பல்கள் மறைந்த பின்னர் அந்த ஆறுதலும் மறைந்தது. இப்பொழுது அவன் ஆகாய விமானத்தில் ஒரு பகலில் அக்கரை சேர்ந்து, வண்டிக்காக வாரக்கணக்கிற் காத்திருக்கிறான். விடுதிச் செலவு ஏறுகிறது. நாட்டில் தங்குவதற்குக் கொடுத்த அநுமதியின் நாட்கள் குறைகின்றன. கப்பலோ நடுவழித் துறையொன்றில் சரக்கை மாற்றுவதற்காகக் காத்து நிற்கிறது.

ஒரே கப்பலிற் சென்றோரும் எப்பொழுதும் நிம்மதியாக இறங்கினர் என்பதற்கில்லை. 1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டனிலிருந்து 500 சி.சி. 'றையம்ப்' வண்டியொன்றில் புறப்பட்ட டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் ஆபிரிக்கக் கண்டத்தை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டிக் கடந்தார். பின்னர் மொசாம்பிக் நாட்டிலிருந்து சரக்குக் கப்பலொன்றில் வண்டியோடு தென் அத்திலாந்திக்கைக் கடந்து, 1974இல் பிறேசிலின் போர்த்தலேசா நகரில் இறங்கினார். அக்காலத்தில் அந்நாடு இராணுவ ஆட்சியில் இருந்தது. சரக்குக் கப்பலில் வந்து, மோட்டார் சைக்கிளும் குறிப்புப் புத்தகமுமாக இறங்கிய அந்நியரைப் பொலிசார் ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிலடைத்தனர். வண்டி வெளியே நிற்க, அதன் சொந்தக்காரர் கம்பிக்குள் இருந்தார். பின்னர் விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைச் சுற்றிய அவருடைய வண்டி, இன்று இங்கிலாந்தில் கொவென்ட்ரி நகரத்துப் போக்குவரத்து நூதனசாலையில் இருக்கிறது. பாலைவனத்திலோ மலையிலோ நேராத பேராபத்து அவருக்குத் துறைமுகத்திலேதான் நேர்ந்தது.

கடலில் வண்டி பழுதடைந்தால் கப்பற் கம்பனி நட்டம் கொடுக்கும் என்று பலர் நம்புகின்றனர். கொடுக்கத்தான் செய்யும், ஆனால் எவ்வளவு? 1924ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் ஒரு பொதிக்கு 100 பவுண் என்று எல்லை வகுத்தன. பிற்காலத்துத் திருத்தங்களின்படி, சர்வதேச நாணய நிதியத்தின் 'சிறப்பு எடுப்பனவு உரிமை' என்ற கணக்கில் ஒரு பொதிக்கு 666.67, அல்லது கிலோ ஒன்றுக்கு 2, இவற்றுள் எது கூடியதோ அது. 300 கிலோப் பெட்டியாயின் இரண்டாவது கணக்கில் 600தான் வரும். ஆகவே முதலாவது கணக்கே பொருந்தும். அது ஆயிரம் அமெரிக்க டொலரை எட்டுவதில்லை. விலையுயர்ந்த வண்டியானாலும் சட்டத்தின் கண்ணுக்கு அஃது ஒரு பொதி. காப்புறுதி செய்யாமற் பெட்டியை அனுப்புவோர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதனினும் பழமையான வழக்கொன்று கடலில் உண்டு. புயலிற் சிக்கிய கப்பலைக் காப்பதற்காகச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், தப்பிய சரக்குகளின் சொந்தக்காரர்கள் யாவரும் அந்த நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்பது அது. பண்டைய றோட்ஸ் தீவினர் காலத்திலிருந்து வரும் இந்த நீதி இன்றும் வழக்கில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'எவர் கிவன்' என்ற கொள்கலக் கப்பல் சுயெஸ் கால்வாயின் குறுக்கே ஆறு நாள் சிக்கிக் கிடந்தது. மீட்கப்பட்ட பின்னரும் அதனை எகிப்து ஜூலை மாதம் வரை போகவிடவில்லை. கப்பலின் சொந்தக்காரர் இந்தப் பழைய நீதியை முன்வைத்தனர். அதனால், தத்தம் சரக்குக்கு ஒரு சேதமும் நேராதவர்களும் பங்குப் பணத்துக்குப் பிணை கொடுத்தே சரக்கை மீட்கவேண்டியதாயிற்று. இத்தகைய கப்பலொன்றில் ஒரேயொரு மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவனுக்கும் இதே விதிதான்.

வண்டி கைமாறிப்போவதும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் 'எம். எஸ். சி. நப்போலி' என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயிற் புயலால் உடைபட, அதனை இழுத்துவந்து இங்கிலாந்தின் டெவன் பகுதிக் கரையோரத்தில் தரைதட்டவைத்தனர். கொள்கலங்கள் பிரான்ஸ்கோம் என்ற சிற்றூரின் கடற்கரையில் ஒதுங்கின. செய்தி பரவியதும் சனங்கள் திரண்டு வந்து, புத்தம் புதிய பி. எம். டபிள்யூ. மோட்டார் சைக்கிள்களைக் கூழாங்கற்களின் மேல் உருட்டிச் சென்றதை உலகமே படத்திற் பார்த்தது. நாடு மாறிக் குடியேறப் புறப்பட்ட குடும்பமொன்றின் வீட்டுச் சாமான்களும் அவ்வாறே போயின. கடல் சில வேளைகளில் மனிதரினும் நேர்மையாக நடந்துகொள்கிறது. 2011ஆம் ஆண்டு மார்ச்சில் யப்பானை அழித்த ஆழிப்பேரலையில் அடித்துச் செல்லப்பட்ட கொள்கலமொன்று, ஓராண்டுக்கு மேல் மிதந்து, கனடாவின் மேற்குக் கரையை அடுத்த தீவொன்றில் ஒதுங்கியது. அதனுள் ஒரு ஹாலி டேவிட்சன் வண்டி இருந்தது. கப்பலுமின்றிக் காகிதமுமின்றிப் பசிபிக்கைக் கடந்த வண்டி அது. சொந்தக்காரர் அதனைத் திரும்பப் பெற விரும்பவில்லை. துருப்பிடித்த கோலத்திலேயே அது மில்வோக்கி நகரத்து நூதனசாலையில் வைக்கப்பட்டது.

பெருங்கடலுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டுமென்பது விளங்குகிறது. சிறு நீர்ப்பரப்புக்கும் இதே பாடு என்பதுதான் விந்தை. அலாஸ்காவிலிருந்து ஆர்ஜென்டீனாவின் தென்முனை வரை செல்லும் அமெரிக்கப் பெருஞ்சாலை, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம் அறுந்து கிடக்கிறது. சதுப்பும் அடர்காடுமான அப்பகுதியை டரியன் இடைவெளி என்பர். 1959ஆம் ஆண்டு முதல் 1961 வரை வடமுனைப் பக்கத்திலிருந்து தென்முனைப் பக்கத்துக்குப் பிரயாணம் செய்த டானி லிஸ்கா என்ற அமெரிக்க விவசாயி, தம் வண்டியைக் கடல்வழியே அனுப்பிவிட்டுத் தாம் அந்தக் காட்டைக் கால்நடையாகக் கடந்தார். எட் கல்பர்சன் என்ற முன்னாள் இராணுவத்தினரோ 1980களில் ஒருமுறை தோற்று, மறுமுறை முயன்று, வண்டியைக் காட்டின் ஊடாகவே கொண்டுசென்றார். ஏனையோர் படகையும் பாய்க்கப்பலையுமே நாடினர். கரீபியன் அலைகள் தெறிக்கும் தட்டில், தார்ப்பாயினாற் போர்த்துக் கயிற்றினாற் பிணித்த வண்டிகளோடு அவர்கள் கார்த்தகேனாத் துறையை அடைந்தனர்.

இத்தகைய அறுந்த பாதை ஒன்று இலங்கையின் வாசலிலும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய 20 மைல். 1914ஆம் ஆண்டு முதல் அங்கே இருகரைப் புகையிரதங்களையும் இணைக்கும் கப்பல் ஓடியது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980களில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சில மாதம் ஓடிய கப்பல் நிலைக்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய கப்பலோ மனிதரையும் அவர்தம் பைகளையும் மாத்திரமே ஏற்றியது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஆயிரக்கணக்கான மைல் ஓட்டி வந்து தனுஷ்கோடி மணலில் நிற்கும் ஒருவன், எதிர்க்கரை இலங்கையென்று அறிந்திருந்தும் அந்த இருபது மைலைத் தாண்ட முடியாமல் வண்டியைத் திருப்புகிறான். தூத்துக்குடியிலோ சென்னையிலோ பெட்டி செய்து, முன்சில்லைக் கழற்றி, கார்னேயில் முத்திரை வாங்கிக் கொழும்புக்குக் கப்பலேற்றுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. யோக்கோகாமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 4,500 கடல்மைல் செல்லும் வண்டிக்கு வேண்டிய காகிதங்களில் ஒன்றேனும் இந்த இருபது மைலுக்குக் குறைவதில்லை. கப்பலின் தூரக் கூலி ஒன்றுதான் குறைகிறது. அந்தக் கூலியும் செலவிற் சிறு பகுதியே. சரக்கை இறக்கும் கூலி, கொள்கலத்தைப் பிரிக்கும் கூலி, பண்டகசாலை வாடகை, முகவர் கட்டணம் என்று அக்கரையில் நீளும் பட்டியல், கப்பற் கூலியையே விஞ்சிவிடுவது உண்டு. இலவசமாக வைத்திருக்கும் சில நாட்கள் கழிந்தால் நாள்தோறும் வாடகை ஏறும். வெள்ளிக்கிழமை மாலையில் வந்த கப்பல், நீண்ட விடுமுறையொன்றின் முன்னாள் வந்த கப்பல், இவை பிரயாணியின் பணப்பையை அறிந்தே வந்தவைபோலத் தோன்றும்.

இவையெல்லாம் கழிந்து ஒரு நாள் அழைப்பு வருகிறது. துறைமுகத்துப் பண்டகசாலையின் இருண்ட மூலையில், தேயிலைப் பெட்டிகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் இடையே, தன் கையெழுத்திலேயே தன் பெயர் எழுதிய பெட்டியை அவன் அடையாளம் காண்கிறான். சுங்க உத்தியோகத்தர் இயந்திரத்தில் வெட்டியுள்ள இலக்கத்தையும் புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் ஒன்றொன்றாக ஒப்பிடுகிறார். இலக்கம் எண்ணெய்க் கசடுக்குள் மறைந்திருக்க, துணியினால் துடைத்துக் காட்டவேண்டியிருக்கிறது. முத்திரை விழுந்ததும், பண்டகசாலைத் தொழிலாளர் இருவர் கடப்பாரையோடு வந்து பலகைகளைப் பெயர்க்கின்றனர். மூன்றாமவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, அவராகவே முன்சில்லைத் தூக்கிப் பிடிக்கிறார். அச்சாணி பூட்டப்படுகிறது. பற்றறியின் கம்பிகள் இணைக்கப்படுகின்றன. உள்ளே பெற்றோல் கொண்டுவர அநுமதி இல்லையாதலால் வண்டியை வெளிமுற்றம் வரை தள்ளவேண்டும். அங்கே போத்தலில் வாங்கிய ஒரு லீற்றர் பெற்றோல் தாங்கியில் ஊற்றப்படுகிறது. முதல் முறை இயந்திரம் இயங்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. கூடிநின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கின்றனர். மூன்றாம் முறை இருமிக்கொண்டு இயங்கத் தொடங்குகிறது. வாயிற் காவலர் வெளியேறும் சீட்டை வாங்கி, இரு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் எந்தப் பக்கமாக ஓட்டவேண்டும் என்று தெரியுமா என்று கேட்டுக்கொண்டே தடைமரத்தை உயர்த்துகிறார்.